சிவப்புப் பொட்டும் இரும்புக் குறியும்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற எனக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என் மனைவியே பதில் சொல்லிவிடுவாள். "ஊர்ல எல்லாரும் ஞாயித்துக்கிழமை மட்டன் கடையில நிப்பாங்க. இவரு அட்டையச் சுடப் போவாரு. அட்டையக் கொண்டாந்து குழம்பா வைக்க முடியும்?"

அவளுடைய தம்பிதான் என்னை அந்த ஏர் ரைபிள் கிளப்பில் சேர்த்துவிட்டான். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் ஒரே வண்டியில் போவோம். எனக்குக் கண் மங்க ஆரம்பித்தபோது, துப்பாக்கியின் மேல் ரெட் டாட் ஒன்றை மாட்டிக்கொண்டேன். சின்னக் கண்ணாடிச் சன்னல், அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். புள்ளியை இலக்கு அட்டைமேல் வைத்து விரலை இழுத்தால் போதும். நானும் மைத்துனனும் அதைப் பொட்டு என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

கிளப்பில் நடந்த போட்டியில், பாதிச் சுற்றில் அந்தப் பொட்டு அணைந்துவிட்டது. வெறும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"மாமா, டிவியா பாக்குறீங்க? கரண்டு வந்ததும் சுடுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றான் மைத்துனன்.

கன்னடக்காரரான கோச்சிடம் போய், "சார், குறி தெரியல" என்றேன். கன்னடத்தில் அந்தச் சொல்லின் முதல் எழுத்தை, 'குரு' என்பதில் வருவதுபோல மென்மையாகச் சொன்னால் இலக்கு. என்னைப் போல அழுத்திச் சொன்னால் செம்மறி ஆடு. அவர் சுற்றுமுற்றும் பார்த்து, "ஏன் சார், குரி எல்லி? இது சந்தெ அல்லா" என்றார். ஆட்டைத் தேட இது சந்தை இல்லையாம். சிரித்து முடித்த பிறகு விஷயத்துக்கு வந்தார். பேட்டரியை மட்டும் நம்பக்கூடாது, துணைக்கு இரும்புக் குறி ஒரு ஜோடி வேண்டும், குழல் முனையில் ஒன்று, கண் பக்கம் ஒன்று. மடக்கி வைக்கிற மாதிரியும் இருக்கிறது, எப்போதும் நின்றபடி இருக்கிற மாதிரியும் இருக்கிறது. கண் பக்கத்துத் துண்டில் சிலதற்கு வெட்டுப் பள்ளம், சிலதற்குச் சின்னத் துளை. பள்ளம், துளை இரண்டிலும் ஒவ்வொன்றைக் கையில் கொடுத்து, வீட்டில் வைத்துப் பார்த்து முடிவு செய்யச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று மைத்துனனுக்குப் போன் செய்தேன். அவனுக்கு அன்று வேலை. நான் பேசியது இதுதான்:

"மாப்ள, செவப்புப் பொட்ட மட்டும் நம்பினா ஆவாது. பொட்டு போயிட்டா குறி எப்படிப் பாக்குறது? முன்குறி ஒண்ணு, பின்குறி ஒண்ணு, ரெண்டும் வேணும்ங்குறாரு. அவரு சொன்னா தப்பாது. இன்னைக்கும் போயி கேட்டுட்டு வரேன்."

எனக்குப் பின்னால் ஆட்டோவுக்காக நின்றிருந்தவர் எங்கள் அன்பியத் தலைவி. எங்கள் தெருக்களில் உள்ள குடும்பங்களைக் கூட்டிச் செபம் நடத்துகிறவர். அக்டோபர் செபமாலை மாதம். மாதா சுரூபம் என்கிற சிலை வீடு வீடாக வந்துகொண்டிருந்தது. வரும் சனிக்கிழமை எங்கள் வீட்டு முறை. போன வருடம் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்ததால் எங்கள் முறை தவறிப்போயிருந்தது. இந்தத் தடவை அவள் பீடத்துக்குப் புதுத் துணி தைத்து, சன்னல் கம்பி வரைக்கும் துடைத்து வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காய்கறி வாங்கப் போனவள் வெறும் பையோடு திரும்பினாள்.

"நீங்க எந்தச் சாமியார்கிட்ட குறி கேக்கப் போனீங்க?"

"என்னாது?"

"அன்பியத்து அக்கா சொல்றாங்க. செவப்புப் பொட்டு வச்சுக்கிட்டு யாரோ குறி சொல்றானாம், நீங்க வாராவாரம் போறீங்களாம். மாதா நம்ம வீட்டுக்கு வர வேணாமாம், அடுத்த வீட்டுக்குப் போகட்டுமாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் அது நின்றுபோயிற்று. தைத்த துணியை மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். ஆண்டவரே, அட்டையைச் சுட்டதற்கு இவ்வளவு தண்டனையா என்று பீடத்தைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவே வந்தார். கையில் செபமாலை, ஒரு பாட்டிலில் தீர்த்தம்.

"தம்பி, மறைக்காம சொல்லு. அந்தப் பொட்டு எங்க?"

"வீட்ல இல்லக்கா. கிளப்புல, துப்பாக்கி மேல இருக்கு."

"துப்பாக்கிக்குப் பொட்டா! ஆயுத பூசையும் பண்ற!" பாட்டில் மூடியைத் திறந்தார்.

"அய்யோ அக்கா, அது குங்குமம் இல்ல, லைட்டு! குறின்னா, சுடுறதுக்குப் பாக்குற குறி!"

"அப்ப முன்குறி?"

"முன்னாடி மாட்டுற இரும்பு."

"பின்குறி?"

பேசிப் பயனில்லை என்று, கோச் கொடுத்த கண் பக்கத்துத் துண்டுகள் இரண்டையும் கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முதலில் பள்ளம் இருந்ததைக் கண்ணருகே பிடித்தார். "மங்கலா இருக்கு" என்று ஒதுக்கினார். பிறகு துளை இருந்ததைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திரும்பியவர், அசையாமல் நின்றார்.

"இதென்னடி அதிசயம்! கண்ணாடி இல்லாம காலண்டர்ல தேதி தெரியுது!"

துளை சின்னதாக இருந்தால் மங்கிய கண்ணுக்கும் தெளிவு கூடுமாம். மனைவி ஓடிவந்து தானும் பார்த்தாள். பிறகு அதே துளை வழியாக மாதா படம், பீடம், குக்கர் விசில் எல்லாவற்றையும் இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். என் முறை வரவே இல்லை.

"தம்பி, இதையே வாங்கு" என்றார் அக்கா. மடக்குறதா, நிக்குறதா என்றுதான் இன்னும் முடிவாகவில்லை என்றேன். "மடக்குறது, நிக்குறதுன்னு ஏதோ சொன்னியே, அது என்ன?"

"நிக்குறது எப்பவும் ரெடியா இருக்கும். மடக்குனது, வேணும்னா தூக்கி விடணும்."

"நிக்குறதே வாங்கு. அவசரத்துல நீ கண்ணாடியத் தேடுவியா, இதத் தூக்குவியா?"

மைத்துனன் மடக்குகிறதுதான் ஸ்டைல் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். கோச் சொன்னதும் நிற்கிறதுதான். ஆனால் நான் முடிவு செய்தது அக்கா சொன்ன பிறகுதான்.

தீர்த்தப் பாட்டிலை மூடிக்கொண்டு வாசலுக்குப் போனவரை மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். அக்கா செருப்பை மாட்டியபடி, "நாளைக்கு ஏழு மணிக்கு மாதா வந்துடுவாங்க. சுண்டல் மட்டும் செய், கேசரி நான் கொண்டாறேன்" என்றார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் அலமாரியிலிருந்த துணி பீடத்தின்மேல் இருந்தது.

மறுநாள் வீடு கொள்ளாத கூட்டம். செபமாலை முடிந்து மன்றாட்டு நேரம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகச் சொன்னார்: "இந்தக் குடும்பத் தலைவருடைய பொட்டு அணையாமலும், அணைந்தாலும் அவருடைய குறி தவறாமலும் இருக்க வேண்டுமென்று..."

விஷயம் தெரியாத கூட்டம் பக்தியோடு பதில் செபம் சொன்னது. மைத்துனன் இருமுவதுபோல வெளியே ஓடினான். என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, என் தொடையில் கிள்ளினாள்.