மூன்று கிளப்பும் ஒரு முன்வாசலும்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்குக் கோல்ஃப் எதற்கு என்று கேட்காத ஆள் அந்தத் தெருவில் ஒருவர்கூட இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கேட்டுவிட்டுப் போகட்டும். கூலிங்காரர் என்று ஊர் கூப்பிடுகிற அந்த மெக்கானிக் பகட்டுக்காக ஒன்றும் அதில் இறங்கவில்லை. காத்துக் கிடந்த நேரத்தில் தொற்றிக்கொண்ட வியாதி அது.

ஃப்ரிட்ஜ் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. கேஸ் அடித்து, கம்ப்ரசரை ஓடவிட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. குளிர் நிற்கிறதா என்று முக்கால் மணி நேரமாவது இருந்து பார்க்க வேண்டும். இருபத்தேழு வருஷமாக ஊரிலுள்ள ஓட்டல், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் எல்லாவற்றின் பின்பக்கத்திலும், காலி டப்பாவுக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து அந்த முக்கால் மணிகளைக் கழித்தவர் அவர். ஆறு வருஷத்துக்கு முன்னால், கூடைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துக் கோல்ஃப் பந்து அடித்துப் பழகுகிற ஒரு மைதானத்தில் ஐஸ் மெஷினைச் சரிசெய்துவிட்டு அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். பந்து பொறுக்குகிறவர் பாவப்பட்டு, "சும்மா உக்காந்திருக்கறதுக்கு ரெண்டு அடி அடிச்சுப் பாருங்களேன்" என்று ஒரு மட்டையை நீட்டினார். முதல் மூன்று அடியில் மண்தான் பெயர்ந்தது. நான்காவது பந்து நூல் பிடித்த மாதிரி நேராகப் போய் விழுந்தது. அவ்வளவுதான், பந்தோடு மனிதரும் விழுந்தார்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு கூடைப் பந்து. ஆனால் நிஜமான கோல்ஃப் மைதானத்தின் புல்லை அவர் மிதித்ததில்லை. அதற்கு ஏதாவது ஒரு கிளப்பில் சேர வேண்டும். இருக்கட்டும், சேர்ந்தால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. தோன்றியது பிறகு பிடித்துக்கொண்டது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவருக்குப் பின்வாசல்தான். ஒரே ஓர் இடத்துக்காவது முன்வாசல் வழியாக உள்ளே போய், யாரும் "என்ன வேலையா வந்தீங்க?" என்று கேட்காமல் உட்கார வேண்டும் என்கிற ஆசை அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

இதை வீட்டம்மாவிடம் சொல்ல ஒரு மாதம் தைரியம் தேடினார். அந்த அம்மாள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கவுண்டரில் இருப்பவர். எதிரே நிற்பவர் மந்திரியின் மருமகனே ஆனாலும் ஒரு காசு குறைக்காத ஆள்.

"பந்தை அடிக்கறதுக்கு நாமளே காசு குடுக்கணுமா?" என்று கேட்டார் அம்மாள்.

"ஆமா."

"அது எங்கேயோ போய் விழுந்தா தேடறதும் நாமளேதானா?"

"ஆமாம்மா."

"நல்லாத்தான் இருக்கு போங்க!" என்று சொல்லிவிட்டு, துவைத்த துணியை மடித்துக்கொண்டே யோசித்தார். நான்கு சட்டை மடித்த பிறகு தீர்ப்பு வந்தது. "சேரறதுன்னா சேருங்க. ஆனா மூணு இடத்துல விசாரிக்காம ஒரு காசு குடுக்கக் கூடாது. சேர்க்கைக் கட்டணம் எவ்வளவுன்னு மட்டும் கேட்டுட்டு வந்து நிக்காதீங்க. சேந்ததுக்கு அப்புறம் என்னென்ன பேர்ல கறப்பாங்கன்னு கேட்டு எழுதிக்கிட்டு வாங்க."

கூலிங்காரருக்குப் பெரிய தொகை எதுவும் பணமாகப் புரியாது. ஒரு ஃப்ரிட்ஜுக்குக் கேஸ் அடித்தால் கிடைக்கிற கூலிதான் அவருக்கு அளவு. வீட்டு வாடகை மாதம் இருபது கேஸ். வீட்டம்மாவின் மூக்குக்கண்ணாடி நாலரைக் கேஸ். கிளப் கணக்கையும் அப்படியே எழுத ஆரம்பித்தார்.

முதலில் மேட்டின் மேல் இருக்கிற பெரிய கிளப். அங்கே அவர் செய்த முதல் தப்பு, தன் வேனிலேயே போனது. அதன் இரண்டு பக்கமும் ‘குளிர்சாதனப் பழுது’ என்று முழ நீள எழுத்து. காவலாளி வேனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், "கிச்சன் வேலைக்குப் பின்பக்கம் போங்க" என்று கையைக் காட்டிவிட்டார். மெம்பராகச் சேர வந்திருப்பதாக விளக்குவதற்குள் பின்னால் மூன்று கார் ஹாரன் அடித்தது.

அங்கே சேர்க்கைக் கட்டணம் அறுநூற்று நாற்பது கேஸ். அது போக வருஷச் சந்தா நூற்றிருபது. பழக்கமுள்ள உறுப்பினர்கள் இரண்டு பேர் சிபாரிசு செய்ய வேண்டும். உறுப்பினர்களில் ஏழெட்டுப் பேர் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் என்ன இருக்கும் என்று அவருக்கு மனப்பாடம். ஆனால் அந்த வீடுகளில் அவருக்குப் பெயர் கூலிங்காரர் என்பதற்கு மேல் யாருக்கும் தெரியாது. அவர்களிடம் போய் எப்படிக் கையெழுத்துக் கேட்பது?

வீட்டம்மா கிளப்பில் கொடுத்த கட்டணத் தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடியில் பொடி எழுத்தில் இருந்ததைத்தான் முதலில் படித்தார்.

"வளர்ச்சி நிதியா? இது எங்க பள்ளிக்கூடத்துலயும் உண்டு. இருபத்திரண்டு வருஷமா நான்தான் வாங்கிப் போடறேன். இன்னும் ஒண்ணும் வளரல."

அந்த நேரம் பார்த்து வந்திருந்த மச்சினன், அதாவது வீட்டம்மாவின் தம்பி, சும்மா இருப்பானா? "இந்தக் காசுக்கு இன்னொரு வேன் வாங்கலாமே மச்சான்" என்றான்.

"வேன்தான் இருக்கேடா."

"அதைத்தான் கேட்லயே மடக்கிட்டாங்களாமே!"

இரண்டாவது கிளப் நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாக வந்தது. ‘சேர்க்கைக் கட்டணம் அறவே இல்லை’ என்று பலகை வைத்திருந்தார்கள். இந்தத் தடவை வேனை மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போனார். மத்தியான வெயிலில் போனதால் மழையில் நனைந்தவர் மாதிரி உள்ளே நுழைந்தார். வரவேற்பில் இருந்தவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, பழரசம் கொடுத்து, மாதம் பதினான்கு கேஸ்தான் என்றார். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மாதாமாதம் அவர்கள் உணவகத்தில் ஆறு கேஸுக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். சாப்பிடாவிட்டாலும் பணம் உண்டு. ஐந்து வருஷத்துக்கு விலக முடியாது.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்றார் வீட்டம்மா. "மாசம் இருபது கேஸ்னா இன்னொரு வீட்டு வாடகை! அதுவும் சாப்பிடாத சாப்பாட்டுக்கு பில்லாம். அந்த பில்லுக்கு சர்வீஸ் சார்ஜ் வேற போட்டிருக்கான் பாருங்க, படுபாவி."

ஆனால் இந்த இடத்தில் கூலிங்காரருக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. வாங்குகிற விலை ஒன்று, ஓட்டுகிற விலை ஒன்று. மலிவாக வாங்கிய பெட்டிதான் கரண்டைக் குடம் குடமாகக் குடிக்கும் என்று எத்தனை பேருக்கு அவரே சொல்லியிருக்கிறார்! ஒரு பழைய ஃபீஸ் நோட்டீஸின் பின்பக்கத்தில் ஐந்து வருஷக் கணக்குப் போட்டார். பெரிய கிளப் ஆயிரத்து இருநூற்று நாற்பது கேஸ். சேர்க்கைக் கட்டணமே இல்லாத புண்ணியவான் கிளப் ஆயிரத்து இருநூறு. நாற்பது கேஸுக்காகவா அந்தப் பல்லையெல்லாம் காட்டினார்கள் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

மூன்றாவதுதான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற பழைய கிளப். மற்ற இடங்களில் பதினெட்டுக் குழி, இங்கே ஒன்பதே. ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து அடித்துக்கொள்ள வேண்டியதுதான். சேர்க்கைக் கட்டணம் நூற்றுப்பத்து கேஸ், வருஷத்துக்கு நாற்பத்தைந்து, வேறு சில்லறைப் பிடுங்கல் கிடையாது. ஐந்து வருஷத்துக்கு முந்நூற்று முப்பத்தைந்து. வீட்டம்மா அந்தக் கிளப்பின் கட்டண நோட்டீஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், குறை எதுவும் அகப்படவில்லை. ஒரே நிபந்தனை, ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியுமாக வந்து கமிட்டியைப் பார்க்க வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் சேர்ந்துவிட்டு, பிறகு சண்டை வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் அநேகம் பேராம்.

நூற்றுப்பத்து கேஸைச் சேர்க்க எட்டு மாதம் ஆயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை, சலவைக்குப் போட்டு வாங்கிய வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மச்சினனின் காரை இரவல் வாங்கி, ஒன்றிரண்டாகச் சேர்த்த பழைய மட்டைகளின் பையை அதில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். கிளப்பின் முன்வாசலில் நான்கு படி. ஏறினார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சோபாவைக் காட்டினார்கள். மெத்தென்று இருந்தது. பக்கத்தில் வீட்டம்மா மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி சுவரில் மாட்டியிருந்த கட்டண விவரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது பார்த்து அந்தச் சத்தம்.

எங்கோ கட்டடத்தின் பின்னால் ஒரு கம்ப்ரசர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. மற்றவர் காதில் அது விழவே விழாது. அவருக்குப் பக்கத்து அறையில் கைக்குழந்தை அழுகிற மாதிரி கேட்டது. ஒரு நிமிஷம் பொறுத்தார். இரண்டு நிமிஷம் பொறுத்தார். "பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று எழுந்தவர், சத்தத்தைப் பிடித்துக்கொண்டே சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டி, சமையற்கட்டைத் தாண்டி, யாரும் தள்ளாமல் தாமாகவே பின்வாசலுக்கு வந்து சேர்ந்தார்! பழக்க தோஷத்தை என்னவென்று சொல்வது?

குளிர் அறையின் மெஷின் முழுக்க வெட்டிப் போட்ட புல். மைதானத்தில் புல் வெட்டுகிறபோதெல்லாம் பறந்து வந்து தகடுகளுக்கு இடையில் அடைத்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் ஓடினால் கம்ப்ரசர் காலி. கையில் ஆயுதம் எதுவும் இல்லை. மெயினை அணைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, தகடு தகடாக வாரத் தொடங்கினார்.

சமையல்காரர் எட்டிப் பார்த்து, "வந்துட்டீங்களா! நேத்தே போன் பண்ணினோமே" என்றார்.

"இதோ முடிஞ்சுடுச்சுங்க" என்று கூலிங்காரர் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தான் எதற்கு வந்தோம் என்பது உறைத்தது. நிமிர்ந்தால், எதிரே அவரைத் தேடி வந்த கிளப் செயலாளர். அவருக்குப் பின்னால் வீட்டம்மா. வெள்ளைச் சட்டை பச்சையும் கறுப்புமாக இருந்தது, தலை கலைந்து கிடந்தது, சீப்பை இனி தலைக்கு வைக்க முடியாது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது அவருக்கு.

செயலாளர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே மகிழ்ந்துபோயிருந்தார். கமிட்டி அறையில் மற்ற கமிட்டிக்காரர்கள் முன்னால் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க கட்டணமே கட்ட வேண்டாங்க. சேர்க்கையும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். எப்ப வேணும்னாலும் வந்து விளையாடுங்க. குளிர் அறையை மட்டும் அப்பப்போ பாத்துக்குங்க. உங்களுக்கு ஸ்டாஃப் கார்டு போட்டுத் தந்துடறோம். பின்கேட்ல காட்டினாப் போதும்."

பூஜ்யம்! எட்டு மாதமாகப் போட்ட கணக்கில் இவ்வளவு சின்ன எண் எங்கேயும் வரவில்லை. நூற்றுப்பத்து கேஸும் கையில் நிற்கும். அதில் வீட்டம்மாவின் முழங்கால் வைத்தியத்தையே பார்த்துவிடலாம். இதை வேண்டாம் என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது? இருந்தும் பின்கேட் என்கிற வார்த்தை அவரை உறுத்தியது. ஓரக்கண்ணால் வீட்டம்மாவைப் பார்த்தார். காசு விஷயத்தில் அந்த அம்மாள் என்ன சொல்வார் என்று தெரியாதா? அவரே முந்திக்கொண்டு "சரிங்க" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"வேண்டாங்க" என்றார் வீட்டம்மா.

செயலாளர் திகைத்துப்போனார். "அம்மா, உங்களுக்கு லாபம்தானே இது?"

"இவர் இன்னைக்குப் பாத்த வேலைக்கு நாளைக்கு பில் வரும். ஞாயித்துக்கிழமை ரேட்டு. அது தனி. சேர்க்கைக் கட்டணத்தை இப்பவே கட்டறோம். இது தனி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க சார்." கைப்பையைத் திறந்துகொண்டே அம்மாள் தொடர்ந்தார். "நான் இருபத்திரண்டு வருஷமா ஃபீஸ் கவுண்டர்ல உக்காந்திருக்கேன். ஃபீஸ் வாங்காம சேத்துக்கிட்ட பிள்ளைங்களை எனக்குத் தெரியும். ஆண்டு விழான்னா அந்தப் பிள்ளைங்கதான் நாற்காலி தூக்கும். மத்த பிள்ளைங்க அதுல உக்காரும். தூக்கறதுல கேவலம் ஒண்ணும் இல்ல. ஆனா இவர் இருபத்தேழு வருஷம் தூக்கியாச்சு. இங்க உக்கார வந்திருக்கார்."

கூலிங்காரர் மேஜையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் அழுதுவிடுவார் என்று அவருக்கே தெரிந்தது. இத்தனை வருஷம் தன்னைப் பார்த்துக்கொண்டே ஒருத்தி இருந்திருக்கிறாள், தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

செயலாளர் மெல்ல இழுப்பறையைத் திறந்து உறுப்பினர் படிவத்தை எடுத்து, பேனாவைத் திருப்பி அவர் பக்கமாக நீட்டினார். "தப்பா நினைச்சுக்காதீங்க சார். எழுதுங்க" என்றார். தொழில் என்கிற இடத்தில் ‘ஃப்ரிட்ஜ் மெக்கானிக்’ என்று நிறுத்தி நிதானமாக எழுதினார் கூலிங்காரர்.

வீட்டம்மா பணக்கட்டை மேஜைமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"மொத்தமா ஒரே தடவையில கட்டறோமே, எவ்வளவு குறைப்பீங்க?"

"உங்க பள்ளிக்கூடத்துல குறைப்பீங்களாம்மா?"

"செத்தாலும் மாட்டோம்."

"நாங்களும் அப்படித்தான்."

கமிட்டி முழுக்கச் சிரித்தது. கூலிங்காரர் சிரித்த சிரிப்பில் கண்ணீரும் சேர்ந்து வந்துவிட்டது. அம்மாள் கையை எடுத்தார்.

ரசீது வாங்கியதும், மைதானம் காலியாகத்தான் இருக்கிறது, இப்போதே ஒரு சுற்று போய் வாருங்கள் என்றார்கள். காரிலிருந்து மட்டைப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அழுக்குச் சட்டையோடு, மறுபடி அதே நான்கு படி ஏறி, கூடத்தின் நடுவாக நடந்து கூலிங்காரர் புல்லில் இறங்கினார். வீட்டம்மா வராந்தாவில் இருந்த நாற்காலிகளில் நல்லதாக ஒன்றை இழுத்துப் போட்டு, கைப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.