சி.ஐ.டி. துப்பறிந்த சீசன்

அந்தக் கால்பந்து அணியின் சட்டைகளைத் துவைப்பவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும் வெளியே வரும். மற்ற நாட்களில் அவர் 'சி.ஐ.டி.'. சோப்புத்தூள் மூட்டையை எலி கடித்திருக்கிறது என்று யாராவது சொன்னால், "எலி குளிக்கவா போகுது? ஆளு வேற" என்பார். யாரையும் நம்பாத மனிதர். எல்லோருடைய அழுக்கும் அவர் கைக்குத்தான் வரும். இதைவிடப் பொருத்தமான வேலை அமையாது.

வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. ஆட்டத்துக்கு முந்தின நாள், மறுநாள் இறங்கப்போகும் பதினொரு பேர் யார் யார் என்று கோச் அவர் காதில் சொல்வார். சி.ஐ.டி. அந்தப் பதினொரு சட்டைகளையும் தனியாக அலசி, மைதானத்தின் பின்கட்டில் நான்கு கயிறுகளில் காயப்போடுவார். முதல் கயிற்றில் கோல்கீப்பர் மட்டும், அடுத்ததில் தடுப்பவர்கள் நால்வர், பிறகு மூவர், மூவர். ஆடப்போகும் வரிசையிலேயே போட்டால், அதே வரிசையில் மடித்துப் பெட்டியில் வைக்கலாம். உடை மாற்றும் அறையில் யாரும் "என் சட்டை எங்கே" என்று கத்த மாட்டார்கள்.

நாட்டின் முதல்நிலை லீக்கில் அணி அந்த வருடம் அடியில் கிடந்தது. கடைசி இரண்டு இடத்தில் முடித்தால் இரண்டாம் நிலைக்கு இறங்க வேண்டும். தோற்பது அவர்களுக்குப் புதிதல்ல, தோற்ற விதம்தான் புதிது. யார் எந்த இடத்தில் ஆடுவார் என்பது எதிரணிக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. இடப்பக்கம் ஓடும் பையனை எந்த ஊருக்குக் கூட்டிப்போனாலும் அங்கே இரண்டு பேர் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர்கள்போல் காத்து நின்றார்கள்.

"நம்ம வீட்டுக்குள்ளயே ஆள் இருக்குண்ணே," என்றார் கோச். "கொஞ்சம் கண்ணை வச்சுக்குங்க."

ஆயுள் முழுக்க யாரும் கேட்காமலே செய்துவந்த காரியத்தை, இப்போது ஒருவர் மதித்துக் கேட்டுவிட்டார். சி.ஐ.டி.க்கு நெஞ்சு விம்மியது. கால் பிடித்துவிடுபவரின் புது ஷூவைச் சந்தேகித்தார். வாசல் காவலர் அளவுக்கு மேல் சிரிப்பதைச் சந்தேகித்தார். கடைசியில் சந்தேகம் சொந்த மச்சானிடம் வந்து நின்றது. மனைவியின் தம்பி, அணிக்குச் சமைப்பவன், அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே சி.ஐ.டி.தான். ஆடப்போகும் பதினொரு பேருக்கு முதல் நாளே தனிச் சாப்பாடு என்பதால், பட்டியல் அவனுக்கும் தெரியும்.

ஒரு மதியம் சமையலறைக்குப் பின்னால் அவன் போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தான். "பதினோரு பேரு தனி... மத்தவங்க வேற... சீக்கிரம் சொல்லு, யாரோ வராங்க."

"யாருடா போன்ல?"

"ராங் நம்பர் மாமா."

"ராங் நம்பர்கிட்ட ஆள் கணக்கு சொல்லுவியா?"

மச்சானுக்கு முகம் வெளுத்தது. சி.ஐ.டி. போய்ச் சொல்ல, அன்று மாலையே கோச் அவனை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்த சி.ஐ.டி.க்குத் தட்டு வரவில்லை. மனைவிதான் வந்தாள்.

"என் தம்பி வாயில மண்ணள்ளிப் போட்டுட்டு வந்து உக்காந்திருக்கீங்களே, சோறு வேற வேணுமா?"

"துரோகம் பண்ணான். போன்ல..."

"அந்தப் போன்ல இருந்தது நான்! பதினோரு பேருக்கு உப்பு எவ்வளவு, மத்தவங்களுக்கு எவ்வளவுன்னு தினமும் என்கிட்டதான் கேப்பான்."

"சமையல்காரனுக்கு உப்புப் போடத் தெரியாதா?"

"தெரியாது. அவன் கைப்பக்குவம் பிரமாதம்னு கோச்சுகிட்ட அளந்தது யாரு? நானா?"

அவள் போனை வாங்கிப் பார்த்தார். உண்மைதான். ஆனால் இந்த உண்மையை வெளியே சொன்னால் உளவாளி என்ற பழி போகும். வேலையும் சேர்ந்தே போகும். அன்றிரவு அவர் தூங்கவில்லை. மச்சான் இல்லையென்றால் வேறு யார்?

மறுநாள் காலை, மைதானத்தின் பின்கட்டுக்கு எதிர்வீட்டு மாடியில் தைக்கும் அம்மாள் அவரைத் தெருவில் மறித்தாள். அணி தோற்கும் நாளில் அடுப்பு பற்றவைக்காத ரசிகை.

"அண்ணே, உங்க துணி வெளுப்பு இப்ப ஊரெல்லாம் பேச்சு. இதைப் பாருங்க."

நீட்டிய போனில் அவருடைய பின்கட்டு. வெயிலில் நான்கு கயிறுகள், பதினொரு சட்டைகள், ஒவ்வொரு எண்ணும் பளிச்சென்று. கீழே எழுதியிருந்தாள்: 'நாளைக்கு நம்ம பசங்க!'

சி.ஐ.டி.க்கு ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. காலர்கூடப் பளபளத்தது.

"ஒவ்வொரு மேட்சுக்கும் முந்தின நாள் போட்டுருவேண்ணே. எதிர் டீம்காரங்களே லைக் போடுறாங்கன்னா பாருங்களேன். எவ்வளவு நல்ல மனசு!"

அவர் அந்தப் படத்தை மறுபடி பார்த்தார். முதல் கயிற்றில் ஒருவர், அடுத்ததில் நால்வர், மூவர், மூவர். மைதானமே கயிற்றில் தொங்கியது.

நேராகக் கோச்சிடம் போய், "கண்டுபிடிச்சுட்டேன். நான்தான்" என்றார்.

கோச் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மச்சானைக் காப்பாத்தணும்னா வேற நல்ல கதையா சொல்லுங்கண்ணே."

எல்லோரையும் சந்தேகித்தவர் முதல்முறையாக உண்மை பேசினார், நம்ப ஆளில்லை. போனைக் காட்டினார். கோச் அதையும் நம்பவில்லை, ஆனாலும் யோசித்தார். "சரி, கடைசி மேட்சுக்கு இடம் மாத்திப் போடுங்க. இந்தக் கதை உண்மையான்னு பாத்துருவோம்."

ஓடும் பையனின் சட்டை வழக்கம்போல இடப்பக்கம் காய்ந்தது. ஆட்டத்தில் அவன் வலப்பக்கம் இறங்கினான். எதிரணியில் இரண்டு பேர் இடப்பக்கத்தில் அவனுக்காகப் பொறுமையாகக் காத்திருக்க, அவன் மறுபக்கம் தன்னந்தனியாக ஓடி கோல் போட்டுவிட்டுத் திரும்பினான். பிறகு வழக்கப்படி ஒன்று வாங்கினார்கள் என்றாலும், சமநிலையே போதுமானதாக இருந்தது. அணி லீக்கில் தங்கியது. பெஞ்சிலிருந்து கோச் சி.ஐ.டி. பக்கம் திரும்பி, "மச்சானை வரச் சொல்லுங்க" என்றார்.

"மன்னிப்பு எல்லாம் உங்களுக்கு வராது," என்றாள் மனைவி. "அவன் போடறதை வாயைத் திறக்காம சாப்பிட்டுட்டு வாங்க. அது போதும்."

மச்சான் திரும்பி வந்த முதல் மதியம், சி.ஐ.டி. தட்டோடு வரிசையில் நின்றார். எல்லோருக்கும் பெரிய பாத்திரத்திலிருந்து பரிமாறியவன், அவர் முறை வந்ததும் குனிந்து ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்தான்.

"உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன் மாமா."

"எதுக்குடா தனியா?"

"ஒரு மரியாதைதான்."

"நீயும் உக்காரேன், சேந்து சாப்பிடலாம்."

"எனக்குப் பசி இல்ல மாமா. நீங்க சாப்பிடுங்க, நான் பாத்துட்டிருக்கேன்."

சி.ஐ.டி. கிண்ணத்தைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்பது இருந்தன. ஒன்றைக்கூடக் கேட்காமல் முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தார்.