லூமுட் துறையில் நான் தேர்ந்தெடுத்த படகு

எழுபதுகளில், மனைவி பிள்ளைகளோடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பங்கோர் தீவுக்குப் போனேன். லூமுட் துறையில் ஒரு சிறிய படகு கிளம்பத் தயாராக நின்றது.

“அடுத்து வர்ற பெரிய படகுல போலாங்க, புள்ளைங்க இருக்குலா,” என்றாள் மனைவி.

ஊர் ஊராகத் திரிந்தவன் நான். காத்திருக்கப் பிடிக்காது. “நான் பாக்காத கடலா? ஏறுலா!” என்றேன்.

நடுக்கடலில் அலை மோதிப் படகு சாய்ந்தது. நான்கு வயது மகள் விளிம்பை நோக்கிச் சறுக்கினாள். என் இரு கைகளும் பையைத்தான் பிடித்தன. அதில் என் சிவப்பு அடையாள அட்டை இருந்தது. குடியுரிமை இல்லாத எனக்கு அது தொலைந்தால் வேலை போய்விடும். மகளை எட்டிப் பிடித்தவர் எதிரில் இருந்த ஒரு சீனப் பெண்.

மனைவி எல்லாவற்றையும் பார்த்தாள். அதைப் பற்றி இன்றுவரை கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன்.