என் காருக்குப் பின்னால் ஒரு பினாமி

அம்பத்தூரில் எங்கள் அடுக்ககத்தில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது யாருக்கும் விளங்கியதில்லை. லஞ்ச ஒழிப்பு ஆலோசகர். கறுப்புப் பணம் யார் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று துப்பறிய வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கற்றுக்கொடுப்பவன். இதைச் சொன்னால், "அப்போ ரெய்டுக்கெல்லாம் போவீங்களா சார்?" என்பார்கள். இல்லை, பவர்பாயின்ட் போடுவேன் என்றதும் முகம் வாடிவிடும்.

அன்று காலை பத்து மணிக்குக் குமணன்சாவடி பக்கம் ஒரு ஹோட்டலில் வகுப்பு. பல நாட்டு அதிகாரிகள் காத்திருப்பார்கள். தலைப்பு, 'உண்மையான உரிமையாளரைக் கண்டுபிடிப்பது எப்படி?' கீழே வந்தால், என் காரை மறித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார். தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

வேறு யாராக இருந்தாலும் ஆட்டோ பிடித்திருப்பார்கள். எனக்கோ தொழில் புத்தி விழித்துக்கொண்டது.

"அது மூணாவது மாடி சார் வண்டி" என்றார் வாட்ச்மேன். மூச்சு வாங்க ஏறினேன். மூன்றாவது மாடிக்காரர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே, "அத போன வாரமே வித்தாச்சு சார்" என்று வாங்கியவரின் நம்பரைக் கொடுத்தார். வாங்கியவர் நெமிலிச்சேரியில் இருந்தார்.

"பேருதான் சார் என்னுது" என்றார் போனில். "ஓட்றது எங்க மச்சான். உங்க பில்டிங்லதான் கீறாரு, கீழ்வீடு."

பினாமி! எனக்குப் புல்லரித்தது. மணி ஒன்பதரையைத் தாண்டியதுகூட உறைக்கவில்லை. போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

லுங்கியோடு வந்தவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "இன்னா சார், உங்க மாமனாராண்ட சொல்லிகினுதானே உட்டேன்? நேத்துகூட வஞ்சிரம் வறுத்துக் குடுத்தனுப்புனேனே, துன்னலியா?"

தின்றேன். 'உன் கைப்பக்குவமே தனி' என்று மனைவியைப் பாராட்டிக்கொண்டே தின்றேன். அவளும் மறுக்கவில்லை.

மேலே எங்கள் வீட்டுப் பால்கனியிலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "அவரு தங்கமான மனுஷன் மாப்ளே! நீங்க என்னிக்குக் காலைல வேலைக்குன்னு வெளிய போயிருக்கீங்க? வீட்லயேதான இருக்கீங்கன்னு நான்தான் விடச் சொன்னேன்."

ஆக, லஞ்சம் கைமாறியது என் வீட்டில். செரித்தது என் வயிற்றில்.

கீழ்வீட்டுக்காரர் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். "நீங்க ஓட்டிகினு போனா மத்தியானம்தான் போய்ச் சேருவீங்க. நம்ம வண்டில குந்துங்க சார், நான் உட்றேன்." நியாய அநியாயம் பார்க்க நேரமில்லை. குந்தினேன். எனக்குத் தெரியாத சந்துகளில் எல்லாம் புகுந்து, கொஞ்சம்தான் தாமதம் என்கிற அளவில் கொண்டுபோய் இறக்கினார்.

அத்தனை பேரும் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, வஞ்சிரம் உட்பட நடந்ததை அப்படியே சொன்னேன். முன்வரிசையில் ஒரு பெண் அதிகாரி வெகு கடுமையான முகத்தோடு கையைத் தூக்கினார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"எங்கள் நாட்டிலும் இப்படித்தான். எங்கே தொடங்கினாலும் விசாரணை மாமனாரிடம் போய்த்தான் முடியும்" என்றார்.

சிரிப்பில் அறை அதிர்ந்தது. என் வகுப்பில் சாப்பாட்டு நேரம் வரை ஒருவர்கூடத் தூங்காதது அதுவே முதல் தடவை.