இருவருக்கு ஓர் இடது கைத் துப்பாக்கி

துப்பாக்கிக் கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "லெஃப்ட்டா மேடம்?" என்பதுதான். சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்களே, அந்தத் தொனி. ஆமாம் என்றேன். உதட்டைப் பிதுக்கினார். இடது கைக்காரர்களுக்கான ஏர் ரைஃபிள் கையிருப்பில் கிடையாது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், எப்போது வரும் என்று தன்னால் சொல்ல முடியாது, பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டேன் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். பிறகு பெரிய மனது பண்ணி, "வலது கையில பழகிக்குங்களேன், எல்லாரும் அப்படித்தான் பழகுறாங்க" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது என் பிறவிக் குணம். அன்றைக்கும் வந்தது. சோறு தின்ன வலது கைக்குப் பழகியாயிற்று, எழுதவும் பழக்கப் பார்த்தார்கள், கத்தரிக்கோல், பஸ் கம்பி, கம்பெனியில் பன்ச் வைக்கும் மிஷின் எல்லாமே வலது கைக்காரர்களுக்கென்றே செய்தவை, இதையாவது விட்டுவையுங்கள் என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. கூட வந்தவள் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து வெளியே கூட்டி வந்துவிட்டாள்.

கூட வந்தவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரகடத்தில் நான் வேலை செய்யும் வண்டி உதிரிபாகக் கம்பெனியில், லைனில் எனக்கு அடுத்த இடம் அவளுக்கு. என்னைவிட ஐந்து வயது சின்னவள். தென்காசிப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் பெண்கள் விடுதியில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் லைனின் இடது பக்கத்தில் நிறுத்தியதற்குக் காரணமே, இரண்டு பேருக்கும் இடது கை என்பதுதான். என் வீட்டில் அதைப் பீச்சாங்கை என்பார்கள், அவள் ஊரில் நொட்டாங்கை. இரண்டிலும் மரியாதை ஒன்றும் கிடையாது.

நான் போல்ட்டை முறுக்குவேன். முறுக்கி முடித்ததும் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு இழுப்பேன். அவள் சரி பார்த்து, அதை ஒட்டி வெள்ளைக் கோடு ஒன்று போடுவாள். பின்னால் போல்ட் தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு கோடும் நேராக இருந்தால் அதன் பிறகு அந்தப் போல்ட்டை யாரும் தொடக் கூடாது, சந்தேகப்படவும் கூடாது. ஆறு வருடமாக என் கை செய்தது இதைத்தான்.

கம்பெனி ஆண்டு விழாவில் படப்பையில் ரேஞ்ச், அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சி மையம், நடத்துகிறவர்கள் ஸ்டால் போட்டிருந்தார்கள். விளையாட்டுக்குச் சுட்டோம். இரண்டு பேரும் இடது தோளில் வைத்துச் சுட்டதைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. குறி அட்டையைக் கழற்றிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மறு வாரமே ரேஞ்சில் சேர்ந்துவிட்டோம். "பொட்டப்புள்ளைக்குத் துப்பாக்கி இன்னாத்துக்குடி? அதுவும் பீச்சாங்கைல?" என்று அம்மா புலம்பினாள். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. போனால் நாலு காசு வருமே என்பது அவள் கவலை.

ரேஞ்சில் இருந்தவை எல்லாம் வலது கைத் துப்பாக்கிகள். கைப்பிடியை வலது உள்ளங்கைக்கென்று குடைந்திருப்பார்கள், அதை இடது கையால் பிடித்தால் கட்டை விரலுக்கு இடமே இருக்காது. கன்னம் பதிக்கிற கட்டை வேறு மறு பக்கம் புடைத்துக்கொண்டிருக்கும். வலது தோளில் வைத்துப் பார்த்தேன். எனக்குக் குறி பார்க்க ஓங்கி நிற்பது இடது கண்தான், அதற்கு மறைப்புப் போட்டுக்கொண்டு சுட்டால் அரை மணியில் தலை வலித்தது. இரண்டு கைக்கும் பொது என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அது எந்தக் கைக்கும் சரியாக இல்லை. புதிதாக வாங்கலாம் என்று போன கடையின் கதையை முன்பே சொல்லிவிட்டேன்.

கடைசியில் ரேஞ்ச் நடத்துகிறவர்தான், யாரோ வெளியூர்க்காரர் சுடுவதை நிறுத்திவிட்டார், அவரிடம் இடது கை ரைஃபிள் ஒன்று இருக்கிறது என்று செய்தி கொண்டுவந்தார். தூக்கிப் பார்த்தோம். கைப்பிடி என் உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தது. முப்பது வயதில் முதல் முறையாக ஒரு பொருள் என் கைக்கென்று செய்யப்பட்டிருந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு. அவள் அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எக்கா, இத விட்றாதிய" என்றாள். ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம்.

ஒரு துப்பாக்கி, இரண்டு உடம்பு. நான் உயரம், கழுத்தும் நீளம். அவள் குள்ளம். முக்கியமான வித்தியாசம் கன்னக்கட்டையில்தான். அதன் அடியில் ஒரு திருகு உண்டு, திருகினால் கட்டை ஏறும், இறங்கும். முழுசாக இறக்கிவிட்டு, அங்கிருந்து எண்ணி ஏற்றுவது எங்கள் வழக்கம். அவளுக்கு மூன்று சுற்று, எனக்கு ஐந்து. திருகின் மேல் நான் மஞ்சள் கோடு இழுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வெள்ளைக் கோடு போட்டாள். சுற்று முழுசானால் இரண்டு கோடும் கட்டையில் உள்ள கோட்டோடு நேராகச் சேரும். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் அதே மாதிரிதான் சேரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. லைனில் அப்படி ஒரு தப்பு நடக்க வழியே இல்லை.

ஒன்றரை வருடம் அந்தத் துப்பாக்கியோடு சந்தோஷமாக இருந்தோம். பிறகு மாநிலப் போட்டி வந்தது. குறித்த மதிப்பெண்ணைத் தாண்டுகிறவர்கள் வெளி மாநிலத்தில் நடக்கும் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். எனக்கு அது வெறி. வேறு எதிலும் நான் எங்கும் போனவள் இல்லை.

போட்டியன்று அவளுக்குக் காலை முறை, எனக்கு அதற்கு அடுத்த முறை. அவள் சுட்டு முடித்து, வியர்த்துப்போய், சிரித்த முகமாக வந்தாள். மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டாள். "ஒங்களுக்கு வச்சிட்டேம்க்கா" என்று துப்பாக்கியை நீட்டினாள். திருகைப் பார்த்தேன். மஞ்சளும் வெள்ளையும் நேராக இருந்தன.

கணக்கில் சேராத கால் மணி நேரச் சோதனைச் சுடுதலிலேயே என்னவோ சரியில்லை. கன்னம் கட்டையில் பதியாமல் மிதந்தது. பயத்தில் அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். குறி பார்க்கும் சக்கரத்தைத் திருகினேன், நிற்கும் நிலையை மாற்றினேன், மூச்சை மாற்றினேன். கன்னக்கட்டையை மட்டும் தொடவில்லை. கோடு நேராக இருந்ததே. அறுபது குண்டில் பாதி முடிவதற்குள் கழுத்து கடுத்துப்போய், குண்டு மேலும் கீழுமாகச் சிதறிக்கொண்டிருந்தது. மிகக் கொஞ்சத்தில் தவறிவிட்டேன்.

வெளியே வந்து, வேப்ப மரத்தடியில் பெட்டியைத் திறந்து, என்னவோ தோன்றி, திருகை ஒரே ஒரு சுற்று ஏற்றிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கண் நேராகப் போய்க் குறியில் நின்றது.

"ஒரு சுத்து கம்மி வெச்சிக்கீற நீ" என்றேன்.

"இல்லக்கா. அஞ்சு. எண்ணித்தாம்க்கா வச்சேன்."

"பொய் சொல்லாத. ஒண்ணு ஏத்தினா கரெக்டா கீது. நீ பாஸாயிட்ட, நான் ஆவக் கூடாது, அதானே? நல்லா இரு."

சுற்றி ஆட்கள் நின்றார்கள். அவள் முகம் கறுத்துவிட்டது. திருகையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். குற்றம் செய்தவள் முழிக்கிறாள் என்று நான் முடிவு கட்டினேன். பெட்டியை எடுத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறினேன். வழக்கமாக அது ரேஞ்ச் லாக்கரில் இருக்கும், ஆளுக்கொரு சாவி. அன்றைக்கு நேராக சேரப்பணஞ்சேரியில் என் வீட்டுக்குக் கொண்டுபோய், பீரோவில் வைத்துப் பூட்டினேன். அடுத்த கட்டப் போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது. அவளுக்கு அந்தத் துப்பாக்கியை விட்டால் வேறு கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பூட்டினேன். வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் கேட்கவில்லை. திங்கட்கிழமை லைனில் வந்து நின்றாள். நான் மஞ்சள் கோடு இழுத்தேன், அவள் பக்கத்தில் வெள்ளைக் கோடு போட்டாள். நாள் முழுக்க, வாரம் முழுக்க, ஒரு வார்த்தை பேசாமல், என் கோட்டுக்குப் பக்கத்தில் அவள் கோடு வந்துகொண்டே இருந்தது. ஒன்றைக்கூட அவள் திருப்பி அனுப்பவில்லை. நானாக இருந்திருந்தால் வேண்டுமென்றே நாலு போல்ட்டைத் தள்ளியிருப்பேன்.

ரேஞ்ச்காரர் ஒரு நாள் போன் செய்தார். "அந்தப் பொண்ணு வலது கை துப்பாக்கில பழகிக்கினு கீதும்மா. கண்ணுல மறைப்பு போட்டுக்கினு. பாக்கவே பாவமா கீது. உங்க ரெண்டு பேருக்கும் இன்னா பிரச்சன?" என்றார். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். பீரோ சாவி என் இடுப்பிலேயே இருந்தது.

அவள் அந்தப் போட்டிக்குப் போகவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. வேலையை விட்டுவிட்டாள் என்று சூப்பர்வைசர் சொன்னார். என் ஸ்டேஷனில், மஞ்சள் மார்க்கர் வைக்கும் டப்பாவில், அவளுடைய லாக்கர் சாவி கிடந்தது. ஊருக்குப் போகும் முன்பே போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

பல நாள் கழித்து, சரி, நாமாவது சுடுவோம் என்று பீரோவைத் திறந்தேன். பெட்டிக்குள் என் நோட்டு இருந்தது. ஒவ்வொரு பயிற்சிக்கும் குறிப்பு எழுதும் நோட்டு. புதுப் பக்கம் எடுக்கப் புரட்டியபோது, போட்டிக்கு நாலு நாள் முந்தைய பக்கம் கண்ணில் பட்டது. இடது கையால் எழுதினால் மை காயும் முன் கையே அதைத் தேய்த்துவிடும். தேய்ந்திருந்தாலும் என் எழுத்து எனக்குத் தெரியாதா? "கழுத்து வலி. கன்னக்கட்டை ஒரு சுற்று ஏற்றினேன். ஆறு. இப்போது சரி. கோடு அப்படியே இருக்கிறது."

நான்தான். அந்த வாரம் மட்டும் அவளை இரண்டாம் ஷிஃப்ட்டுக்கு மாற்றியிருந்தார்கள், நான் ஓ.டி. முடித்துவிட்டுத் தனியாகப் போயிருந்தேன். கம்பெனியில் ஷிஃப்ட் மாறும்போது ரெஜிஸ்டரில் எழுதிவிட்டால் நம் வேலை முடிந்தது, அடுத்து வருகிறவர்கள் படித்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டு, எழுதிய நிம்மதியில் மறந்தே போய்விட்டேன். அந்த நோட்டை என்னைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள்? அவள் பழைய கணக்குப்படி, எண்ணி, சரியாக ஐந்து வைத்திருக்கிறாள்.

அவளுக்குப் போன் செய்ய எனக்கு மூன்று நாள் ஆனது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும்போது, இதோ பஸ் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிடலாம் என்ற கோழைத்தனத்தோடு செய்தேன். உடனே எடுத்தாள்.

"தப்பு என்னுதுடி. நான்தான் ஏத்திட்டு உன்னாண்ட சொல்லல" என்றேன்.

"தெரியும்க்கா. அன்னைக்கே தெரியும்."

"எப்டி?"

"காலைல எனக்கு எறக்கும்போது ஆறு சுத்து வந்துச்சு. நாந்தான் தப்பா எண்ணிட்டேம்னு நெனச்சேன். நீங்க ஏசும்போதுதான் வெளங்குச்சு."

"அப்ப ஏன் சொல்லல நீ? அங்கியே சொல்லிக்கலாம் இல்ல?"

பின்னால் ஏதோ மிக்ஸி ஓடி நின்றது.

"நீங்க எங்கக்கா கேட்டிய? நீங்களா ஒண்ண முடிவு பண்ணி ஏசிட்டுல்லா போனிய."

துப்பாக்கியை அனுப்பிவைக்கிறேன், நீயே வைத்துக்கொள் என்றேன். இங்கே பக்கத்தில் ரேஞ்ச் ஒன்றும் இல்லை, வேண்டாம் என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். "வேலைக்கு நேரமாச்சுல்லாக்கா, போய்ட்டு வாங்க" என்று அவளே வைத்துவிட்டாள். பஸ் இன்னும் வந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் படப்பைக்குப் போகிறேன். என் கைக்கென்று செய்த துப்பாக்கி, எனக்கு மட்டும்தான், யாரோடும் பங்கு போட வேண்டியதில்லை. நான் ஆசைப்பட்டது அதுதான். மஞ்சளும் வெள்ளையும் இன்னும் அந்தத் திருகின் மேல் இருக்கின்றன. கன்னக்கட்டை ஆறாவது சுற்றிலேயே நிற்கிறது. அதை மூன்றுக்கு இறக்க ஆள் இல்லை.