உப்புத் தண்ணீர்ச் சோதனை

நாகர்கோவிலில் மின்னணுக் கருவிகள் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். கடலில் ஆபத்து வந்தால் பொத்தானை அமுக்கிக் கரைக்குத் தகவல் அனுப்பும் கருவியை அங்கே செய்தோம். எங்கள் வீட்டு ஆண்கள் கடலுக்குப் போகிறவர்கள். அதனால் அந்த வேலையில் எனக்கொரு பெருமை இருந்தது.

ஒருமுறை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்த கருவிகளில் சிலவற்றில் விளக்கே எரியவில்லை. மூடியின் ரப்பர் சரியில்லை என்று மேனேஜரிடம் சொன்னேன்.

"ஆர்டரை நிறுத்த முடியாதும்மா. கெட்டுப்போனா சர்வீஸுக்குத் திரும்பி வரும்ல."

"அதைக் கொண்டுவர ஆளு திரும்பி வரணுமே, சார்."

சோதனையில் தேறியதாக ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேன் என்றேன். வேறொரு பெண் ஒட்டினாள். என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

சில வாரம் கழித்து, மீனவர் சங்கத்தில் கொடுத்ததென்று அண்ணன் அதே கருவியைக் கொண்டுவந்தான். அதைப் பார்த்ததும் என் முகம் மாறிவிட்டது.

"ஏட்டி, நீ செஞ்சதுதானே? பின்ன என்ன பயம்?" என்று சிரித்தான்.

ஒரு வாளி கடல்தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அதற்குள் போட்டேன். மறுநாள் எடுத்து சுவிட்சைப் போட்டோம். விளக்கு எரியவில்லை. அண்ணன் அதை அப்படியே சங்கத்துக்கு எடுத்துக்கொண்டு போனான்.

எங்கள் கரையில் கொடுத்த எல்லாவற்றையும் சங்கம் திருப்பி அனுப்பியது. யார் சொன்னதென்று கம்பெனியில் கேட்டார்கள். நான்தான் என்றேன். அன்றோடு வேலை போயிற்று.

அது பரவாயில்லை. மற்றக் கரைகளுக்கும் அதே கருவிகள் போயிருக்கின்றன. எந்தெந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை. காற்று பலமாக அடிக்கும் நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.