நழுவும் குரலும் ஒரு டேபிள் ஃபேனும்

போன ஞாயிறு காலை, ஆம்பூரில் ஒரு ஃபேனைத் திருப்பியதற்காகத் திட்டு வாங்கினேன்.

திட்டியது என் கல்லூரித் தோழி ஸ்டெல்லா. ஷூ ஃபேக்டரியில் குவாலிட்டி செக்கர். வீட்டுக்கு வந்தால், பொழுதுபோக்காக வானலையில் ஊர்விட்டு ஊர் பேசும் ஹாம் ரேடியோக்காரி. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, டிரான்ஸ்மிட்டரையும் தானே செய்து வைத்திருக்கிறாள்.

ஞாயிறுதோறும் சுற்றுவட்டார ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவார்கள். நடத்துபவர் அரக்கோணத்தில் ஒரு ரிட்டயர்டு ரயில்வேக்காரர். ஸ்டெல்லா பேச ஆரம்பித்தால் அவள் அலைவரிசை மெல்ல நழுவும். கேட்பவர்கள் குமிழைத் திருகிக்கொண்டே பின்னால் ஓட வேண்டும். முந்தின வாரம் அவர் கறாராகச் சொல்லிவிட்டார் - "உங்க குரல் அடுத்தவங்க பேச்சுல போய் விழுதும்மா. இனிமேலும் நழுவினா அந்த செட்டோட வராதீங்க. கடையில ஒண்ணு வாங்கிக்குங்க."

"கடை செட்டுல பேசறதுக்கு ஃபோனே போதாதாடி?" என்றாள் என்னிடம். பாவமாக இருந்தது.

ஆனால் ஏன் நழுவுகிறது? எனக்கு அதுதான் குடைந்தது. உள்ளே ஆசிலேட்டர் என்று ஒரு பகுதி... அலைவரிசையைப் பிறப்பிப்பதே அதுதான். அதிலுள்ள காயில் என்ற கம்பிச்சுருள் சூட்டில் துளி விரிந்தாலும் அலைவரிசை மாறிவிடுமாம்.

சூட்டுக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் என்ன செய்வோம்? ஃபேன் போடுவோம். அவளும் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு, எதிரே டேபிள் ஃபேனைச் சுழலவிட்டிருந்தாள். பக்கத்தில் வைத்திருந்த ரிசீவரில், நழுவும் அலைவரிசைக்கு ஏற்ப அவள் செட்டின் சத்தம் கீ... என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்கோ வேர்த்து ஊற்றியது. அவள் காபி போடப் போன நேரம் பார்த்து ஃபேனை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"இன்னாடி பண்ற? பெட்டிக்கு வெச்ச காத்துடி அது..." டம்ளரோடு வந்தவள் பாதியில் நிறுத்தினாள். ரிசீவர் சத்தம் கொஞ்சம் இறங்கி, அப்படியே அசையாமல் நின்றிருந்தது.

"ஃபேக்டரில ஹீட்டரைப் போட்ட உடனே சோல் ஒட்டுவோமா? சூடு ஏறி ஒரே மாதிரி நிக்கட்டும்னு காத்திருப்போம். இங்க மட்டும் எனக்கு ஏன் தோணல?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சூடு ஜாஸ்தியா கம்மியா என்பதல்ல விஷயம். மாறாமல் இருக்கிறதா என்பதுதான். ஃபேன் காற்று பட்டுப் பட்டு அது மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஃபேனை நிறுத்தினோம். மூடியைப் போட்டு, ஷூவுக்குள் வைக்கும் ஃபோமைப் பெட்டியைச் சுற்றிக் கட்டி, சூடு நிலைக்கட்டும் என்று செட்டை ஆன் செய்தபடியே விட்டோம்.

வானலைக் கூட்டத்தில் அவள் முறை வந்தது. வேர்க்க வேர்க்கப் பேசினாள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆணி அடிச்ச மாதிரி நிக்குதேம்மா" என்றார் அரக்கோணத்துக்காரர். "ஒருவழியா ஃபாரின் செட்டு வாங்கிட்டீங்க போல. ஓவர்."

எனக்குச் சுருக்கென்றது. ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே மைக்கை அழுத்தினாள்.

"நானே செஞ்ச அதே செட்டுதான் சார். பரவாயில்ல, பழகிப்போச்சு... நான் செக் பண்ணி அனுப்பற ஷூவையும் ஃபாரின்னுதான் சொல்றாங்க. ஓவர்."